பதினாலா, பதினாறா?

கேள்வி: ஐயா, எனக்கு 20 வயது, வீடு கொருக்குப்பேட்டை. ஐடிஐ ஃபிட்டர் ரெண்டு வருஷம் படித்து நல்ல மார்க்கில் பாஸ் பண்ணினேன். இப்போது மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில், மெயின்டனன்ஸ் பிரிவில், ஒரு வருஷ அப்ரண்டிஸ். நாலு மாதம் முடிந்திருக்கிறது, மாதம் 9,000 ரூபாய் தருகிறார்கள். போன வாரம் மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். தொழில் வேலையில் பத்துக்கு 8. ஆனால் கம்யூனிகேஷன் 2, டீம் ஒர்க் 3, ஆட்டிட்யூட் 3, நேரந்தவறாமை 4. கீழே ‘ரஃப் லாங்குவேஜ்’ என்று வேறு எழுதியிருக்கிறார் சூப்பர்வைசர். தினமும் பெருக்கு, நோட்டில் எழுது, காலையில் எல்லார் முன்னாலும் நின்று பேசு என்கிறார்கள். நான் வேலை கற்றுக்கொள்ள வந்தேனா, பேச்சுப் போட்டிக்கு வந்தேனா? என் நண்பன் டெலிவரி வண்டி ஓட்டி மாதம் 22,000 எடுக்கிறான். அப்பா ஹார்பரில் லோடு வேலை, ‘முடிச்சிட்டு வாடா’ என்கிறார். விட்டுவிடலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, முதலில் ‘நீங்கள்’ போட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன், ரெண்டு வரிக்கு மேல் ஒட்டவில்லை. உன் அப்பாவை விட எனக்குப் பத்து வயதாவது கூட இருக்கும், நானும் அதே வட சென்னையில், தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அந்தத் தாளை நீ கோபத்தோடு படித்திருக்கிறாய், நான் கொஞ்சம் பயத்தோடு படித்தேன். ஏனென்றால் 1985-ல் எனக்கு யாராவது தாள் கொடுத்திருந்தால் இதே மார்க்தான் வந்திருக்கும், தொழிலுக்கு 8, மற்றதற்கெல்லாம் 2, 3. அப்போது தாள் கீள் எல்லாம் கிடையாது, கெட்ட வார்த்தைதான். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 19 வயது. திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். ஒரு நாள் காலையில் 12 பிளேட்டைக் கொண்டுவந்து ரேடியல் ட்ரில்லிங் மெஷின் பக்கத்தில் அடுக்கிவிட்டு, பிளேட்டுக்கு ரெண்டு ஓட்டை, மார்க்கிங் போட்டிருக்கு, என்று காட்டிவிட்டு சீனியர் ஃபிட்டர் கிளம்பினார். போகிற போக்கில் திரும்பி, “பதினாலு போட்டு வை, டேப்பு நான் வந்து போடுறேன்” என்றார். பின்னால் ஃபோர்ஜ் ஷாப்பில் ஹாமர் விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் காதில் விழுந்தது பதினாறு.

உனக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும், நீ ஃபிட்டர். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், டேப் என்பது ஓட்டைக்குள் மரை வெட்டுகிற கருவி. மேஜை மேல் எம்-16 டேப் இருக்கிறது. பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 2 மில்லிமீட்டர். பதினாறில் ரெண்டு போனால் பதினாலு, அதுதான் டேப் ட்ரில். இது ஐடிஐ முதல் வருஷப் பாடம், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். 16 ட்ரில்லைக் கையில் எடுக்கும்போதே உள்ளே என்னவோ இடித்தது. ‘ஒருவேளை போல்ட் சும்மா உள்ளே போகிற ஓட்டையோ என்னவோ’ என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன், அதற்கும் பதினாறு சரிவராது என்பது தெரிந்திருந்தும். முப்பது அடி நடந்து போய்க் கேட்டிருந்தால் முடிந்தது. கேட்கவில்லை. முந்தின நாள் வேறு ஏதோ ஒன்றைக் கேட்டதற்கு, “இதுகூடத் தெரியாம ஐடிஐல இன்னாடா படிச்ச” என்று எல்லார் முன்னாலும் கேட்டார், நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. 24 ஓட்டையும் போட்டேன், ஒவ்வொன்றும் சுத்தமாக, ஓரத்துப் பிசிறை, அதாவது பர் எடுத்து, பளபளவென்று.

அவர் வந்து டேப்பை வைத்தார். அது எங்கேயும் கடிக்கவில்லை, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி சர்ரென்று உள்ளே போய் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் அதற்கு மேலும் ஒரு தப்பு செய்தேன், “நீங்கதான் பதினாறு சொன்னீங்க” என்றேன். அப்புறம் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டு பிளேட்டும் ஸ்கிராப், அதை மாட்ட வேண்டிய மெஷின் அரை நாள் நின்றது.

இதில் என் தொழில் அறிவில் எங்கே குறை, சொல். ட்ரில் பிடிக்கத் தெரியும், கணக்கு தெரியும், டேப்பைப் பார்த்தால் சைஸ் தெரியும். இல்லாதது ஒன்றே ஒன்று, ‘அண்ணே, பதினாலா பதினாறா?’ என்று திரும்பக் கேட்கிற வாய். அந்த வாய் இல்லாததால் மற்ற எல்லாத் திறமையும் சேர்ந்து ஸ்கிராப் தொட்டிக்குப் போனது. உன் கம்பெனி அந்தத் தாளில் கம்யூனிகேஷன் என்று போட்டிருக்கிறதே, அது மேடைப் பேச்சும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, இதுதான். பெயரை ஒழுங்காக வைத்திருந்தால் உனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது என்பது என் கட்சி. ‘சாஃப்ட் ஸ்கில்’ என்று எவன் பெயர் வைத்தானோ, அதைக் கேட்டவுடனே நம் பையன்களுக்கு டை கட்டிய ஆள் ஒருவர் வந்து கைகுலுக்கக் கற்றுக்கொடுக்கிற காட்சிதான் கண்முன் வருகிறது. ஐடிஐயிலேயே முன்பு சோஷியல் ஸ்டடீஸ் என்று ஒரு பாடம் இருந்தது, அதை எடுத்துவிட்டு எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்று கொண்டுவந்தார்கள், நீயும் படித்திருப்பாய், படித்தாயா இல்லை அந்தப் பீரியடில் கிரிக்கெட் ஆடினாயா என்று நான் கேட்கப்போவதில்லை.

அந்த சீனியர் ஃபிட்டர் அடுத்த நாளே ஒரு சட்டம் போட்டார். அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும். “பதினாலு ட்ரில், 24 ஓட்டை, பர் எடுக்கணும்” என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், உயிர் போகிற வேலை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதுதான் வழக்கம். கப்பலில் கேப்டன் சுக்கான் திருப்பச் சொன்னால், சுக்கான் பிடிப்பவர் அந்த ஆர்டரை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். உங்கள் கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டால் நாமெல்லாம் திட்டிக்கொண்டே நிற்போமே, அந்த மாதிரி கேட்டுகளில் கேட்மேனும் ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் ‘சரி சார்’ என்று சொல்லி முடித்துக்கொள்ள மாட்டார்கள், பிரைவேட் நம்பர் என்று ஒன்றைச் சொல்லி, எதிர்ப்பக்கம் அதைக் குறித்துக்கொண்டால்தான் பேசினதாகவே கணக்கு. அங்கே யாரும் இதை ஆட்டிட்யூட் என்று சொல்வதில்லை, வேலை என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்தது அந்த நோட்டு. ஷிப்ட் முடியும்போது எழுதச் சொல்கிறார்கள் என்று எரிச்சலோடு எழுதியிருக்கிறாய். நீ இருப்பது லேத் ஷாப் இல்லை, பம்ப்பும் வால்வும் பைப் லைனும் 24 மணி நேரமும் ஓடுகிற இடம். காலை ஆறு மணி ஷிப்டில் நீ பிரித்துப்போட்டதை மதியம் ரெண்டு மணிக்கு வருபவன் பார்க்கப் போகிறான், நீ வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பாய். உனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஒரு பக்கம்தான்.

1988 ஜூலை 6, ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்று ஒரு எண்ணெய்த் தளம். ரெண்டு பம்ப், ஏ, பி. பகல் ஷிப்டில் ஏ பம்ப்பின் சேஃப்டி வால்வை சர்வீஸுக்காகக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ஒரு மூடியைப் போட்டுவைத்தார்கள். வேலை முடியவில்லை, மாலையாகிவிட்டது. வால்வு இல்லை, பம்ப்பை ஓட்டக் கூடாது என்ற செய்தி ராத்திரி ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரி பி பம்ப் நின்றுபோனது, ஏ பம்ப்பை ஓட்டினார்கள். அந்த மூடி வழியாக வாயு கசிந்து தீப்பிடித்தது, 167 பேர் செத்தார்கள். அந்த மூடியைப் போட்ட ஃபிட்டர்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் இல்லை. நான் பயிற்சிப் பிரிவில் இருந்த 16 வருஷமும் முதல் நாள் வகுப்பில் போர்டில் ரெண்டு பம்ப்பை வரைந்து இதைத்தான் சொன்னேன், தூங்கிக்கொண்டிருக்கிற பையன்கூட எழுந்து உட்காருவான்.

சரி, எப்படி எழுதுவது? இதை ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை, ‘எழுது’ என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள், அது அவர்கள் தப்பு. பையன்கள் சாதாரணமாக எழுதுவது இப்படி இருக்கும்: ‘3ம் நம்பர் பம்ப் லீக். பார்த்தாச்சு. ஓகே.’ இதில் அடுத்தவனுக்கு ஒரு புண்ணாக்கும் இல்லை. இப்படி எழுதிப் பார் (தெரியாதவர்களுக்கு: கிளாண்ட் என்பது பம்ப்பின் தண்டு வெளியே வருகிற இடத்தில் கசிவைத் தடுக்கிற பாகம், பேக்கிங் அதற்குள் திணிக்கிற கயிறு, ஒரு பிளாட் என்றால் நட்டில் ஆறில் ஒரு சுற்று):

‘மதியம் 1.20. 3ம் நம்பர் பம்ப், கிளாண்டில் தண்ணீர் நூலாக ஒழுகியது. கிளாண்ட் நட் ரெண்டையும் ஒரு பிளாட் இறுக்கினேன், சொட்டாகக் குறைந்தது, நிமிஷத்துக்குச் சுமார் 40. மேலும் இறுக்கவில்லை. பேக்கிங் மாற்ற வேண்டும், ஸ்டோரில் இல்லை, கேட்டிருக்கிறேன். 4 மணிக்கு ஒரு தடவை சொட்டையும் கிளாண்ட் சூட்டையும் பார்க்கவும்.’

ஆறு வரி. மணி, எந்த மெஷின், என்ன கண்டேன், என்ன செய்தேன், என்ன செய்யவில்லை, அடுத்து யார் எப்போது பார்க்க வேண்டும். ‘மேலும் இறுக்கவில்லை’ என்ற அந்த ரெண்டு வார்த்தையைக் கவனி. கிளாண்ட் கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது, சொட்டே இல்லாமல் இறுக்கினால் பேக்கிங் கருகி ஸ்லீவில் கோடு விழுந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அடுத்த ஷிப்டில் வருகிறவன் புதுசாக இருந்தால் சொட்டைப் பார்த்துவிட்டு, ‘இவன் அரைகுறையாகப் போட்டிருக்கிறான்’ என்று நினைத்து வளைத்து இறுக்குவான். அந்த ரெண்டு வார்த்தை அவன் கையைப் பிடிக்கும். இதற்குப் பெயர்தான் டீம் ஒர்க். தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொள்வது இல்லை.

இங்கிலீஷில் எழுத வரவில்லை என்றால் தமிழில் எழுதட்டுமா என்று நேராகக் கேள். கிளாண்ட், பேக்கிங், வால்வு எல்லாம் நமக்கு ஏற்கெனவே தமிழ்தான். ஒத்துக்கொள்ளாத இடமாக இருந்தால், மெயின்டனன்ஸ் நோட்டில் திரும்பத் திரும்ப வருகிற இங்கிலீஷ் வார்த்தை ஐம்பது, அறுபதுக்கு மேல் இருக்காது, பழைய பக்கங்களைப் புரட்டி ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள், ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கிராமர் யாரும் பார்க்கப் போவதில்லை.

இப்போது ‘ரஃப் லாங்குவேஜ்’. இந்த இடத்தில்தான் எனக்கு உன் மேல் இல்லை, அந்த சூப்பர்வைசர் மேல் கோபம். நீ கடிதத்தில் என்ன பேசினாய் என்று எழுதவில்லை. ‘இன்னா சார், நீங்க சொன்னதத்தான செஞ்சேன்’ என்று சொல்லியிருப்பாய் என்பது என் ஊகம். இது ரஃப் இல்லை, இது நம்ம ஊர் பாஷை. மதுரைக்காரர் ‘என்னங்கய்யா’ என்றால் அழகு, கோயம்புத்தூர்க்காரர் ‘ஏனுங்க’ என்றால் மரியாதை, நாம் ‘இன்னா சார்’ என்றால் ரவுடி. பயிற்சிப் பிரிவில் இருந்த நாளில், ஆள் எடுக்கிற கூட்டம் ஒன்றில், விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு அதிகாரி, ‘இந்தப் பக்கத்துப் பசங்க வேணாமே’ என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியே இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. புகையும் கன்டெய்னர் லாரியும் எங்களுக்கு, வேலை வெளியூர்க்காரனுக்கா என்று கேட்டேன், சத்தமாகத்தான் கேட்டேன், எனக்கும் அன்று ஆட்டிட்யூடில் 3தான் கிடைத்திருக்கும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்த மாதிரி தெருக்களிலிருந்து வருகிற பையன் பிளான்ட்டுக்குள்ளே இருந்தால், வாசனையில் ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலும் அவனுக்கு அது சும்மா ரீடிங் இல்லை, அவன் வீடு.

அதனால் பாஷைக்காக வெட்கப்படாதே. ஆனால் ஒன்று, பாஷை வேறு, தொனி வேறு. மேலே உள்ள வாக்கியத்தையே எடுத்துக்கொள், ‘நீங்க சொன்னதத்தான செஞ்சேன்’ என்பது நான் 1985-ல் சொன்ன அதே வாக்கியம். அதில் இருக்கிற குற்றம் ‘இன்னா’வில் இல்லை, பழியைத் தூக்கி எதிராளி தலையில் போடுவதில் இருக்கிறது. ‘சார், எனக்குப் பதினாறுன்னு காதுல வுழுந்துச்சு, திருப்பிக் கேக்காதது என் தப்பு, இப்போ இன்னா பண்லாம்?’ இதுவும் நம்ம பாஷைதான், அச்சு அசல் நம்ம பாஷை. இதைக் கேட்டுவிட்டுக் கோபமாகவே இருக்கிற மேஸ்திரியை நான் ரொம்பக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். தப்பை அன்றைக்கே ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் அடுத்த வாரம் பெரிய வேலை கொடுப்பார்கள். மறைக்கிறவனிடம் ஒவ்வொரு வேலையையும் பின்னால் போய் ஒருத்தர் செக் பண்ண வேண்டியிருக்கிறது, அதற்கு அந்த ஒருத்தரே செய்துவிடலாமே என்று ஆகிவிடும்.

காலையில் நிற்கவைத்துப் பேசச் சொல்வதற்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர், ஐந்து நிமிஷம். இன்று என்ன வேலை, எதில் கை மாட்டும், பெர்மிட் இருக்கிறதா, லைனில் பிரஷர் இறக்கியாச்சா. அங்கே நீ சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேள், தினம் ஒன்று. ‘அண்ணே, அந்த வால்வுக்குப் பூட்டும் சீட்டும் மாட்டியாச்சா?’ போதும். வேலை நடக்கும்போது யாரும் தெரியாமல் அதைத் திறந்துவிடாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. பூட்டு யார் போட்டார்களோ அவர்கள்தான் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பிறகு நீயே பார்த்துக் கற்றுக்கொள்வாய்.

பெருக்குவது. இதில் ரெண்டு வகை இருக்கிறது, பிரித்துக்கொள். நீ வேலை செய்த இடத்தை, நீ சிந்திய எண்ணெயை, நீ போட்ட பிசிறை நீ பெருக்குவது ஃபிட்டர் வேலையின் கடைசி பாகம். பெருக்கும்போதுதான் காணாமல் போன வாஷர் கிடைக்கும், பேஸ் பிளேட் போல்ட் லூசாக இருப்பது கண்ணில் படும். பெரிய பெரிய சீனியர்கள்கூட வேலைப் பொருளைப் பிடிக்கிற அவரவர் வைஸை அவரவரே துடைப்பார்கள், பார்த்திருப்பாய். இதற்கு மூக்கைச் சுளிக்காதே. ஆனால் ஆபீஸ் ரூமைப் பெருக்கு, டீ வாங்கி வா, ஐயா வண்டியைக் கழுவு, தினமும் பாதி நாள் ஹவுஸ்கீப்பிங்கில் போய் நில் என்றால், அது பயிற்சி இல்லை, சம்பளம் கொடுக்காமல் ஆள் பிடிப்பது. தொழில் பழகுநர் சட்டம், அதாவது அப்ரண்டிஸ் சட்டம், 1961-ல் வந்தது, அதன்படி நீ பயிற்சி பெறுபவன், தொழிலாளி கணக்கில் வரமாட்டாய், அதனால் பி.எஃப்., போனஸ் என்று நீ கேட்க முடியாது. ஆனால் அதே காரணத்துக்காக உன்னிடம் அவர்கள் தொழிலாளியிடம் வாங்குகிற மாதிரி வேலை வாங்கவும் முடியாது. உன் டிரேடுக்கு என்ன கற்றுத்தர வேண்டும் என்று பாடத்திட்டம் இருக்கிறது, நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அரசுப் பயிற்சி ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் போட முடியாது, வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. ஒப்பந்த காப்பி உன்னிடம் இருக்கிறதா? பத்தில் எட்டுப் பையன்களிடம் இருக்காது, நான் கேட்டுப் பார்த்த அனுபவம். முதலில் அதை வாங்கு. உள்ளே பயிற்சி அதிகாரியிடம் பேசியும் சரிவராவிட்டால் கிண்டியில் இருக்கிற வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கு எழுத்தில் கொடுக்கலாம். எழுத்தில் கொடுக்கும்போதும் அதே ஆறு வரிதான்: எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் சொன்னது, என்ன வேலை. ‘ரொம்பக் கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒழுங்காகப் பேசு என்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்று அர்த்தமாகிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1918 ஏப்ரலில் இதே பெரம்பூர்ப் பக்கம் மில் தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தார்கள், நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். அவர்கள் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. வெறுமனே முணுமுணுத்துக்கொண்டு இருந்திருந்தால் அது சரித்திரத்திலேயே வந்திருக்காது.

நேரந்தவறாமை 4. ம்ம். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் சைக்கிள்கூட நுழையாது, எனக்குத் தெரியும், உன் சூப்பர்வைசருக்கும் தெரியும். நீ எப்போது சொல்கிறாய் என்பதுதான் வித்தியாசம். ஐந்தே முக்காலுக்கு போன் பண்ணி, ‘சார், லாரி நிக்குது, இருபது நிமிஷம் ஆவும்’ என்றால் அவர் ராத்திரி ஷிப்ட் ஆளைக் கொஞ்சம் நிறுத்திவைப்பார். ஆறு இருபதுக்கு வந்து நின்று சொன்னால் அது வெறும் சாக்கு. அடிக்கடி நடந்தால் அரை மணி முன்னால் கிளம்பு, அதற்கு நான் வேறு யோசனை கண்டுபிடிக்க முடியாது.

ஆட்டிட்யூட் 3-ஐப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அந்த வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். அதனால் திங்கட்கிழமை நீயே போய்க் கேள். சண்டைக்கு இல்லை. ஷிப்ட் முடிந்து, அவர் கையில் டீ இருக்கிற நேரம் பார்த்து, “சார், இதுல 3 போட்டிருக்கீங்க, எந்த நாள், எந்த வேலையில நான் எப்படி நடந்துக்கிட்டேன்னு ஒண்ணு சொன்னீங்கன்னா மாத்திக்கிறேன்” என்று கேள். சொல்ல ஒரு சம்பவம் அவரிடம் இருந்தால் உனக்கு லாபம். இல்லையென்றால் அடுத்த தடவை மார்க் போடும்போது அவர் கை கொஞ்சம் யோசிக்கும். எப்படிப் பார்த்தாலும் கேட்டதற்கே கம்யூனிகேஷனில் ஒன்று கூடும்.

கடைசியாக டெலிவரி. உன் நண்பனைக் குறைத்துப் பேச மாட்டேன், வெயிலிலும் மழையிலும் அந்த வேலை செய்வது லேசில்லை. 22,000 என்பது அவன் கைக்கு வருவதா, பெட்ரோலும் வண்டி டியூவும் சர்வீஸும் போன பிறகு மிஞ்சுவதா என்று மட்டும் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல். உனக்கு வருகிற 9,000, 2019-ல் திருத்திய விதியில் ஐடிஐ முடித்தவருக்கு வைத்த குறைந்தபட்ச அளவான 7,000-ஐ விட மோசமில்லை. வீட்டுக்கு அது போதாது என்பதும் நிஜம். அப்பா லோடு தூக்குகிற முதுகோடு ‘முடிச்சிட்டு வா’ என்கிறார் என்றால், அவர் அந்த எட்டு மாதத்தை யோசித்துத்தான் சொல்கிறார்.

என் பதில், விடாதே. எட்டு மாதம் கழித்து பரீட்சை எழுதி தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழோடு வெளியே வா. அதே கம்பெனி உனக்கு வேலை தர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை, அந்த நம்பிக்கையில் உட்காராதே. ஆனால் அந்தத் தாளோடு ரயில்வேயில் லெவல் 1, அதாவது கடைநிலை இடங்களுக்கு முயற்சி செய்யலாம், அதில் இருக்கிற 20 சதவீத ஒதுக்கீடு ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்குத்தான் என்றாலும், பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை கேட் உனக்கு எவ்வளவு தூரம்? தனியார் பக்கம் போனாலும் இன்டர்வியூவில் முதலில் கேட்கிற கேள்வி, ‘கடைசியா நீ பண்ண தப்பு இன்னா, எப்படி சரி பண்ண?’ என்கிற மாதிரிதான் இருக்கும், நான் அதைத்தான் கேட்பேன். ‘தப்பே பண்ணது இல்ல சார்’ என்று சொன்னவனை நான் எடுத்ததே இல்லை.

எட்டு மாதமும் ஒரு சொந்த நோட்டு வைத்துக்கொள், கம்பெனி நோட்டு இல்லை, அதை வெளியே எடுத்து வராதே, வீட்டுக்கு வந்த பிறகு உன் ஞாபகத்திலிருந்து ஆறு வரி. ஒரு மாதம் எழுதிவிட்டு ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பார்க்கிறேன். மேலே மறக்காமல் தேதி போடு, இந்தக் கடிதத்தில் நீ போடவில்லை.